வீட்டுணர்வு வேண்டாம், ‘ஊர்மை’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாடு நீங்கி வாழும் எழுத்தாளர் தேடும், ‘இது என் இடம்’ என்ற உணர்வுக்குத் தமிழில் ஒரு சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘வீட்டுணர்வு’ எனக்கு ஒப்பவில்லை. தமிழில் வீடு என்பது ஒன்று கட்டடம், இல்லையேல் அறம் பொருள் இன்பத்தை அடுத்து வரும் வீடு. இரண்டுமே இங்கு வேண்டிய பொருளைத் தரவில்லை.

1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் புதுவைக்கு வந்த பாரதியாருக்கு ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவில் வாடகை வீடு இருந்தது, அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் பேச்சுத்துணைக்கு இருந்தார்கள். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இங்கேதான் எழுதப்பட்டன. அப்படியிருந்தும் பத்து ஆண்டுகளுக்குப் பின், கைதாகும் அபாயத்தைப் பொருட்படுத்தாமல், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிப் பிடிபட்டு, கடலூர்ச் சிறையில் சில வாரங்கள் இருந்துவிட்டுக் கடையம் போய்ச் சேர்ந்தார். (அதுவும் பிறந்த எட்டயபுரம் அன்று, செல்லம்மாளின் ஊர்.) வீடு இருந்தும் அவருக்கு இங்கே எது இல்லாமற்போனதோ, அதற்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

‘தாயகவுணர்வு’ என்ற மாற்றும் சரிவராது. ஈழத்தவர் எழுத்தில் தாயகம் தெளிவான அரசியல் பொருளைப் பெற்றுவிட்டது. ‘புலம்பெயர்’ என்பதை அடியாக வைக்கலாம் என்றால், பட்டினப்பாலையின் புலம்பெயர் மாக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்தவர்கள். ஏக்கம் அந்தச் சொல்லில் பின்னாளில் ஏறியது.

என் பரிந்துரை ‘ஊர்மை’. தாய்மை, இறைமை போல, பெயரோடு ‘மை’ சேர்ந்த சொல். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் ‘சொல்தா’ ஒருவர் ஆண்டுதோறும் பாரீசிலிருந்து புதுவைக்கு வந்து லாட்ஜில் தங்குவார். தேநீர்க் கடையில் புதியவர் எவரேனும் “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்றால், கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு “முத்தியால்பேட்டை” என்பார். புதுவையின் அந்தப் பகுதியில் இருந்த வீட்டை விற்றுப் பல ஆண்டுகளாயிற்று; ஊர்மை போகவில்லை.

‘ஊர்தல்’ என்ற வினையோடு குழம்பும் என்பது நேர்மையான மறுப்புதான். ஆனால் ‘ஊர்மையிழப்பு’, ‘ஊர்மைத் தேடல்’ என்று தொடரில் வரும்போது அக்குழப்பம் நிற்பதில்லை. ஆளைக் குறிக்க ‘ஊர்மையர்’ என்று நீட்டுவதுதான் எனக்கே காதில் ஒட்டவில்லை. அதற்கு வேறு வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.