கலைச்சொல்: கன்வர்ட்டர் – ‘மாற்றி’யா, ‘எண்ணாக்கி’யா?

காட்பாடியிலிருந்து

வணக்கம்.

வீட்டு ஒலிப்பதிவுச் செயல்குறிப்புக்கான சொற்பட்டியலில் ‘கன்வர்ட்டர்’ மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. இப்போது அங்கே ‘மாற்றி’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஒலி போகும் வழியைப் பாருங்கள். மைக் தருவது சில மில்லிவோல்ட். ப்ரீஆம்ப் அதை ஒரு வோல்ட் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. கன்வர்ட்டர் அந்த வோல்ட்டை நொடிக்கு 48,000 முறை அளந்து, எண்களாகக் கணினிக்கு அனுப்புகிறது. இந்த வழியில் ‘மாற்றி’ என்ற பெயருக்கு உரிமை கேட்கக்கூடியவை மூன்று. சில ப்ரீஆம்புகளின் நுழைவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மின்மாற்றி என்று அதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். கடையில் ‘கன்வர்ட்டர் பின்’ என்று கேட்டு வாங்கும் இணைப்புமுனை இன்னொன்று. அது முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும், மின்னழுத்தத்தைத் தொடாது. மூன்றாவதுதான் நம்முடையது. ‘மாற்றியில் செருகுங்கள்’ என்று எழுதினால் படிப்பவர் கை எதைத் தேடும்?

‘ஒப்புமை–எண்ணிம மாற்றி’ என்பது பிழையில்லாத சொல். பாடநூலுக்குப் போதும். ஆனால் கருவியின் முகப்பிலோ கம்பியில் ஒட்டும் சீட்டிலோ அதை எழுத இடம் கிடையாது. பேச்சில் அது தானாகவே ‘மாற்றி’ என்று தேய்ந்து பழைய குழப்பத்துக்கே வந்து சேரும்.

என் பரிந்துரை ‘எண்ணாக்கி’. எண் + ஆக்கி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததும் இரட்டித்தது. திரும்பும் வழியில் எண்ணிலிருந்து ஒலியை மீட்பதற்கு ‘ஒலியாக்கி’. ‘எண்ணிமமாக்கி’ என்றும் சொல்லலாமே என்று கேட்கலாம். ஓலைச்சுவடிகளைப் படமெடுத்து வைப்பதற்கு ‘எண்ணிமமாக்கம்’ என்ற சொல் ஏற்கெனவே போய்விட்டது. தவிர, மகரம் அடுத்தடுத்து வந்து நாக்கைத் தடுக்குகிறது.

ஆரணியிலிருந்து

> திரும்பும் வழியில் எண்ணிலிருந்து ஒலியை மீட்பதற்கு ‘ஒலியாக்கி’.

எண்ணாக்கியை முழுமனதோடு ஏற்கிறேன் ஐயா. ஒலியாக்கியை ஏற்க முடியவில்லை. அந்தக் கருவியிலிருந்து ஒலி வருவதில்லை, ஏறி இறங்கும் மின்னழுத்தம் வருகிறது. ஒலியை உண்டாக்குவது அதற்கப்புறம் இருக்கும் ஸ்பீக்கர். ஒலியாக்கி என்று எழுதினால் ஹெட்போனையும் ஸ்பீக்கரையும் அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். ‘அலையாக்கி’ என்று வைப்போம். எண்ணாக்கி உள்ளே வரும் வழி, அலையாக்கி வெளியே போகும் வழி.

பெயரோடு, இதைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் எண்ணாக்கியின் தரத்துக்கே முதல் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில், அதாவது 24 இரும இலக்கங்களில், எழுதினால் மிகச் சன்னத்துக்கும் மிக உரத்ததுக்கும் இடையே கணக்கில் 144 டெசிபல் கொள்ளும். நடைமுறையில் நல்ல கருவிகள் 110 முதல் 120 வரை தருகின்றன. நம் வீட்டு அறையை அதோடு ஒப்பிடுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் அமைதி என்பதே 40 டெசிபல் அளவில்தான் நிற்கும். கூத்தில் ஊதும் குழல்கருவியான முகவீணை மைக்கருகே 105 டெசிபல் ஒலித்தாலும், மிகச் சன்னத்துக்கும் மிக உரத்ததுக்கும் இடையே 65 டெசிபல்தான் இருக்கிறது. விலை குறைந்த எண்ணாக்கிகூட அதைத் தாராளமாகக் கொள்ளும். மே மாதத்தில் விசிறியை நிறுத்திப் பதிவுசெய்ய எத்தனை பேரால் முடியும்? முடிந்தால் அதுவே எண்ணாக்கியை மாற்றுவதைவிடப் பெரிய மேம்பாடு.

பார்க்க வேண்டியவை வேறு. எத்தனை நுழைவுகள், அவற்றில் எத்தனை நேரடியாக லைன் மட்டத்தை (ப்ரீஆம்ப் தூக்கிக் கொடுத்த வோல்ட் அளவை) ஏற்கும், ப்ரீஆம்பின் உள்ளிரைச்சல் எவ்வளவு. கடைசியாகச் சொன்னதற்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமான மைக்குக்கு நிகரான 150 ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சல் மட்டுமே −131 டிபியு (0.775 வோல்ட்டை 0 என்று வைத்து எண்ணும் டெசிபல்) அளவு வரும். அதனால் −128 என்று போட்டிருக்கும் ப்ரீஆம்ப், இயற்கை விடும் இடத்துக்கு மூன்று டெசிபல் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் சீறலைப் பெரிதாகக் குறைக்காது.

இன்னொரு சொல்லும் இங்கே வேண்டும். எண்ணாக்கி தரக்கூடிய மிகப் பெரிய எண்ணுக்குப் பெயர் என்ன? 24 பிட்டில் அது 83,88,607. அதைத்தான் 0 டிபிஎஃப்எஸ் என்கிறார்கள். ‘எண்ணுச்சி’ என்று சொல்லிப் பார்க்கிறேன். எண்ணுச்சிக்கு மேல் எண் இல்லை. எவ்வளவு வோல்ட் வந்தாலும் அதே எண்தான் திரும்பத் திரும்ப எழுதப்படும், அலையின் முகடு தட்டையாகும். இதற்குப் பட்டியலில் ‘வெட்டுப்படுதல்’ என்று இருக்கிறது. நெல் அளப்பவர்கள் படியின் விளிம்புக்கு மேல் நிற்பதைக் கையால் வழித்துவிடுவதைத் ‘தலைதட்டல்’ என்பார்கள். நடப்பது அச்சு அசலாக அதுதான். ஒலிக்கோப்பில் வெட்டி ஒட்டும் வேலையை ‘வெட்டு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கிளிப்பிங்குக்குத் தலைதட்டல் என்று வைத்தால் இரண்டும் மோதாது.

ராணிப்பேட்டையிலிருந்து

எண்ணாக்கி, அலையாக்கி, தலைதட்டல் மூன்றுக்கும் என் ஆதரவு. எண்ணுச்சியைச் சில நாள் வாயில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ப்ரீஆம்புக்கு ‘முன்பெருக்கி’ போதும். ‘முற்பெருக்கி’ என்று புணர்ச்சியை இறுக்க வேண்டாம். முன்பணம், முன்பதிவு என்றுதானே எழுதுகிறோம்? கெயினுக்குப் ‘பெருக்கம்’. எங்கோ ‘ஆதாயம்’ என்று பார்த்தேன். அது வியாபாரத்தில் வரும் லாபம், நாம் சொல்வது எத்தனை மடங்கு என்பதை. ஷூர் எஸ்எம்58 மைக், 94 டெசிபல் ஒலிக்கு 1.85 மில்லிவோல்ட் தருகிறது. அதை லைன் மட்டமான 1.23 வோல்ட்டுக்குக் கொண்டுவரச் சுமார் 56 டெசிபல் பெருக்கம் வேண்டும். ஆதாயம் 56 என்று எழுதினால் ரூபாய் என்று நினைப்பார்கள்.

லைன் மட்டத்தில்தான் நான் சிக்கிக்கொண்டேன். ‘கோட்டு மட்டம்’ தவறு. இந்த லைன் கோடு அல்ல, கம்பிவழி. ‘தட மட்டம்’ என்று எழுதிப் பார்த்தால், பதிவில் ஒவ்வொரு குரலுக்கும் உள்ள டிராக்கைத் தடம் என்று வைத்துவிட்டோம். ‘கம்பி மட்டம்’ என்றால் வீணைக் கம்பி நினைவுக்கு வரும். லைன்மேன், லைன் வீடு என்று ஊரே சொல்லும் சொல் அது. லைன் மட்டம் என்றே விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனால் லைன் மட்டம், மைக் மட்டம் என்ற வேறுபாட்டைச் செயல்குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டும். தனி முன்பெருக்கி வாங்கியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். யுஎஸ்பி கருவியின் (முன்பெருக்கியும் எண்ணாக்கியும் உள்ளே வைத்து, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) முகப்பில் இருக்கும் கூட்டுச் சாக்கெட்டைப் பாருங்கள். சுற்றிலும் மூன்று துளை, நடுவில் ஒரு பெரிய துளை. மூன்று துளையில் மைக் கம்பியின் மூன்று பின் முனையான எக்ஸ்எல்ஆர் போகும். அது நேராகக் கருவிக்குள் இருக்கும் முன்பெருக்கிக்குப் போய்ச் சேரும். நடுத்துளையில் கால் அங்குல ஜாக் போகும். அது லைன் மட்டத்துக்கு. தனி முன்பெருக்கியின் பின்புறம் எக்ஸ்எல்ஆர் வெளியீடு இருப்பதால், கையில் இருக்கும் மைக் கம்பியையே எடுத்து மூன்று துளையில் செருகிவிடுகிறார்கள். ஏற்கெனவே 1.23 வோல்ட்டுக்கு ஏறிவிட்ட ஒலி மறுபடி ஒரு முன்பெருக்கிக்குள் போகிறது. பெருக்கத்தை அடிவரை குறைத்தாலும் உரத்த இடமெல்லாம் தலைதட்டும். கேட்பவர் எண்ணாக்கி சரியில்லை என்று முடிவுகட்டுவார்.

அதைவிட மோசம், மைக்குக்கு மின்சாரம் ஊட்டும் 48 வோல்ட்டை (ஃபாண்டம் பவர்) அந்த நுழைவில் போட்டிருந்தால். அது பின்னோக்கி முன்பெருக்கியின் வெளியீட்டுக்குள் ஏறும். சில கருவிகளின் சுற்று தாங்கும், சில தாங்காது.

சரியான கம்பி இது: ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர் பெண்முனை, மறுமுனையில் மூன்று பகுதி கொண்ட கால் அங்குல ஜாக். சொந்தமாகப் பற்றவைப்பவர்கள் எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னை ஜாக்கின் நுனிக்கும், 3ஆம் பின்னை நடு வளையத்துக்கும், 1ஆம் பின்னை அடிக்குழாய்க்கும் இணைக்க வேண்டும். செருகியபின் ‘இன்ஸ்ட்’ பொத்தான் (இசைக்கருவியை நேராகச் செருகும்போது போடுவது) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் பெருக்கத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, தனி முன்பெருக்கியில் மட்டும் ஏற்றுங்கள். கூத்துக்குழு என்றால் முகவீணையும் ஹார்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தை வாசிக்கச் சொல்லி, முகடு எண்ணுச்சிக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி வையுங்கள். எண்ணுச்சியில் கால் பங்கு அது, ஏறக்குறைய 21 லட்சம். பாடுபவர் ஆட்டத்தில் குரலை உயர்த்தும்போது அந்த இடம் வேண்டியிருக்கும்.

முன்பெருக்கியின் அளவுமுள் நடுவில் நின்றும் பதிவில் தலைதட்டுகிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. பல முன்பெருக்கிகள் +24 டிபியு வரை தரும். வீட்டுக் கருவிகளில் பலவும் +16 அல்லது +18க்கே எண்ணுச்சியைத் தொட்டுவிடும். வெளியீட்டுக் குமிழ் உள்ள முன்பெருக்கி என்றால் அதைக் குறைத்தால் தீரும்.

ஃபாண்டம் பவருக்கு யாரோ ‘பேய்மின்’ என்று எழுதியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒலி வரும் அதே இரண்டு கம்பிகளில், கண்ணில் படாமல், மைக்குக்கு மின்சாரம் ஊட்டப்படுகிறது. ‘ஊட்டுமின்’ என்றால் வேலை புரிகிறது. ஸ்பீக்கரைக் குறை, கம்பியைச் செருகு, அப்புறம் ஊட்டுமின்னைப் போடு. கழற்றும்போது முதலில் ஊட்டுமின்னை அணைத்துச் சில நொடி விடு. மெல்லிய உலோகப் பட்டையால் ஒலியைப் பிடிக்கும் சாதாரண ரிப்பன் மைக்குக்கு ஊட்டுமின்னே வேண்டாம்.

ஆரணியிலிருந்து மறுபடியும்

முன்பு ‘சீறல்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதை முறையாகவே பட்டியலில் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல் மூன்று வேறு கோளாறுகளை மூடி மறைக்கிறது.

பெருக்கத்தை மேலே ஏற்றும்போது பாம்புபோல் வருவது சீறல். மைக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பெருக்கத்தைக் குறைக்க வேண்டும். அடித்தொண்டையில் தொடர்ந்து கேட்பது ‘உறுமல்’. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வந்தால் அந்த 50ம் அதன் இரட்டிப்பான 100ம் உள்ளே நுழையும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகுங்கள். பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை உடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உறுமல் நிற்கும், உயிரும் போகலாம். அதைச் செய்யவே கூடாது.

மூன்றாவது ‘ரீங்காரம்’. வண்டுபோல் கூராகக் கேட்கும். விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அலையையும் பாதியில் வெட்டி விடுவதால் வருவது. விசிறியை முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ தெரிந்துவிடும். மின்வெட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் ஓடினாலும் இதே ரீங்காரம்தான். சைன் அலை இன்வெர்ட்டரில் இது பெரும்பாலும் இல்லை.

வீணையில் ஒட்டும் பீசோ பிக்கப்பையும் (அதிர்வை மின்னழுத்தமாக்கும் வில்லை) சேர்த்துவிடுகிறேன். அதை நடுத்துளையில் செருகி ‘இன்ஸ்ட்’ பொத்தானைப் போட வேண்டும். 20 நானோஃபாரட் மின்தேக்குதிறன் கொண்ட பீசோவை 10 கிலோஓம் லைன் நுழைவில் போட்டால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். மந்தர ஸ்தாயியே கேட்காது. 1 மெகாஓம் நுழைவில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

காட்பாடியிலிருந்து

அலையாக்கி சரி. ஒலியாக்கியைத் திரும்பப் பெறுகிறேன்.

எட்டு நுழைவுள்ள முன்பெருக்கியை ஏடாட் ஒளிக்கம்பி (பல தடங்களின் எண்களை ஒளியாக அனுப்புவது) வழியே சேர்ப்பவர்களுக்கு ஒரு சொல் பாக்கி: எண்ணாக்கி எப்போது அளக்க வேண்டும் என்று சொல்லும் வேர்ட் கிளாக். இங்கே ‘வேர்ட்’ என்பது சொல் அல்ல, ஒரு மாதிரிக்கான, அதாவது ஒரு முறை அளந்ததற்கான, பிட்டுகளின் தொகுதி. அதனால் ‘சொற்கடிகாரம்’ தவறு. ‘பொதுத்துடிப்பு’ என்கிறேன். எண்ணாக்கி இரண்டு இருந்தால் ஒன்று துடிப்பைக் கொடுக்க வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டும் தம்தம் துடிப்பில் ஓடினால் பதிவில் அங்கங்கே ‘டிக்’ என்று கேட்கும். ஒரு கம்பியில் 48 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டுத் தடம், 96இல் நான்குதான். 48இல் பதிந்ததை 44.1 என்று கணினி எடுத்துக்கொண்டால் 10 நிமிடப் பாட்டு 10 நிமிடம் 53 நொடிக்கு நீளும், சுருதியும் முக்கால் கட்டை அளவுக்கு இறங்கிவிடும்.

முகட்டுக்கும் எண்ணுச்சிக்கும் இடையே விடும் ‘ஹெட்ரூம்’ இன்னும் முடிவாகவில்லை. பால் காய்ச்சும்போது பாத்திரத்தில் விடும் இடத்தை வைத்துப் ‘பொங்கிடம்’ என்று ஒன்று மனதில் இருக்கிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ இப்போதைக்கு ‘யுஎஸ்பி கருவி’ என்றே போகட்டும்.

ராணிப்பேட்டை நண்பர் சொன்ன கம்பிக்கு ஒட்டும் சீட்டையும் எழுதிவிட்டேன். முன்பெருக்கிப் பக்கம்: ‘வெளியீடு – லைன் மட்டம்’. மறுமுனையில்: ‘எண்ணாக்கிக்கு – நடுத்துளையில் மட்டும். ஊட்டுமின் அணைந்திருக்க வேண்டும்’.