உப்பு மீன் முதலாளியைத் தேடிப் போனது

என் மாமியாரின் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்தின் பக்கி ஊர்க்காரர். தொழில்: ‘ஃபிஷ் க்யூரர்’. கருவாட்டு வியாபாரி என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. வெயிலில் காயவைக்கிற வேலையே கிடையாது. ஹெர்ரிங் மீனைக் குடல் எடுத்து, உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கி ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் கப்பலேற்றுகிற தொழில்.

பெயர் தெரியும், ஊர் தெரியும், அப்புறம் என்ன என்று ஸ்காட்லாந்தின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் உட்கார்ந்தேன். ஒரு பதிவின் படத்தைப் பார்க்க ஒன்றரை பவுண்ட். பக்கியிலோ குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தான்: தடுக்கி விழுந்தால் ஒரு கௌவி (Cowie), இல்லையென்றால் ஒரு ஸ்மித். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் வழக்கம், அதனால் முதல் பெயரும் அதேதான். ஊரில் பட்டப்பெயர் வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்களாம். எட்டுப் படம் வாங்கினேன். எட்டும் வேறு யாரோ.

மாமியாரின் பெரியப்பா ஒருவருக்கு நடுப்பெயராக ஒரு குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அங்கே பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரை அப்படிச் சேர்ப்பார்கள் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்காட்லாந்தில் 1855-ல் அரசுப் பதிவு தொடங்கியது. அதில் கல்யாணமான பெண்ணின் இறப்பைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம், புகுந்த வீட்டுப் பெயரிலும் தேடலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ஒரே ஒரு விதவை வந்தார். கணவர் தொழில் ‘ஃபிஷ் க்யூரர்’!

அங்கிருந்து மடமடவென்று வந்தது. 1881 மக்கள்தொகைக் கணக்கில் பிள்ளைகள் பிறந்த இடம் பக்கி, அதற்கும் வடக்கே உள்ள மீன்பிடித் துறைமுகங்களான விக், லெர்விக். மீன் போன பக்கமெல்லாம் குடும்பமும் போயிருக்கிறது.

1891 கணக்கில் அதே மனிதர் பீப்பாய் செய்யும் தொழிலாளி.

மீன் பருவம் தொடங்கும் முன்பே இந்த உப்பு மீன் முதலாளிகள் படகுக்காரர்களிடம் இன்ன விலை என்று பேசி முடித்துவிடுவது அக்கால வழக்கம். 1884-ல் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது, சந்தை விலை விழுந்தது, பேசிய விலையைக் கொடுக்க முடியாமல் பலர் திவாலானார்கள். ஸ்காட்லாந்தின் அரசிதழான எடின்பரோ கெஜட்டின் திவால் அறிவிப்புகளில் இவர் பெயர் இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் அந்த 1884 சரிவின் மேல்தான்.

மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். “முதலாளி என்றல்லவா வீட்டில் சொன்னார்கள்” என்றார்.