மேல்தொட்டி ஒரே நாளில் காலி, எங்கே போகிறது?

வணக்கம். மேடவாக்கத்தில் தனி வீடு, நாங்கள் நான்கு பேர். காலையில் நிரப்பும் 1,000 லிட்டர் தொட்டி இரவுக்குள் காலி. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு கணக்கு. அப்படியானால் 540தான் ஆக வேண்டும்.

ஃபிளஷ் டேங்கில் பீட்ரூட் சாறு ஊற்றி அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாமல் காத்திருந்தேன் (வாங்கிய திட்டு தனிக்கதை). கோப்பையில் சிவப்பு இறங்கவில்லை, அங்கே கசிவில்லை. ஆர்ஓ கழிவுநீர் ஒரு குடத்துக்கு மூன்று குடம் போகிறது. சரி, அதைப் பிடித்து வாசல் தெளிக்கிறோம். அதுவும் 60 லிட்டரைத் தாண்டாது.

தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மீட்டர் போட்டவர்கள் உண்டா? எங்களுடையது ஒரு மாடி உயரம்தான். அந்தக் குறைந்த அழுத்தத்தில் எந்த மீட்டர் சரியாக ஓடும்? அப்புறம், சுவருக்குள் கசிகிறதா என்று உடைக்காமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?