வலையை அறுத்தால் பேச்சிழப்பு புரியுமா?

ஆய்தம்: கணினியில் ஒரு நரம்பு வலையை, அதாவது மூளை நரம்பணுக்களின் இணைப்பைப் போல அமைத்த நிரலைப் பழக்கி, அதன் சில இணைப்புகளை அறுத்துவிட்டு, மூளைச் சேதத்தால் வரும் பேச்சிழப்பு, அதாவது மொழி இழப்பு, இதுதான் என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. நான் பேச்சுப் பயிற்சியாளர். சீப்புப் படத்தைக் காட்டினால் ஒருவர் 'கண்ணாடி' என்கிறார். தவறு என்று அவருக்கே தெரிகிறது. தலையசைத்து மறுத்துவிட்டு, வெறுங்கையால் தலை வாரிக் காட்டுகிறார். ஆய்வாளர்கள் ஹின்டனும் ஷாலிஸும் 1991இல் அறுத்துப் பார்த்த வலைக்குத் தெரிந்தவை 40 சொற்கள். அதற்குக் கையும் இல்லை, வெட்கமும் இல்லை.

தறி: ஒப்புக்கொள்கிறேன். அது படம் பார்த்துப் பெயர்கூடச் சொல்லவில்லை. எழுத்துகளைக் கொடுத்தால் அந்தச் சொல்லின் அர்த்தத்தைக் கண்டது, அவ்வளவே. ஆனால் எப்படித் தவறியது என்று பாருங்கள். ஆழ்நிலை வாசிப்பிழப்பு (மூளைச் சேதத்தால் வரும் ஒருவகை வாசிப்புக் குறைபாடு) உள்ளவர் 'புலி'யைச் 'சிங்கம்' என்று படிக்கலாம், 'புளி' என்றும் படிக்கலாம், 'எலி' என்றும் படிக்கலாம். முதலாவது பொருள் பிழை, அடுத்தது வடிவப் பிழை, மூன்றாவதில் இரண்டும் கலந்திருக்கின்றன. வாசிப்பின் படிகளைப் பெட்டியும் அம்புக்குறியும் வரைந்து விளக்கியவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பழுது தேட வேண்டியிருந்தது. வலையில் ஓரிடத்தில் அறுத்தாலே மூன்றும் வந்தன.

ஆய்தம்: பழுது ஒன்றா இரண்டா என்பது உங்கள் கவலை. நாளைக் காலை எந்தப் பட அட்டையை எடுப்பது என்பது என் கவலை.

தறி: அங்கேதான் வருகிறேன். 1996இல் டேவிட் பிளாட் என்ற ஆய்வாளர் சேதமான வலைக்கு மறுபயிற்சி கொடுத்தார். ஒரு பொருள் வகையைச் சேர்ந்தும் சட்டென்று நினைவுக்கு வராத சொற்களைக் கற்பித்தபோது, அதே வகையில் கற்பிக்காத வழக்கமான சொற்களும் கூடவே தேறின. மறுதிசையில் அது நடக்கவில்லை. எளியதில் தொடங்கு என்ற நம் பழக்கத்துக்கு இது நேர்மாறு! 2003இல் ஆய்வாளர்கள் கிரணும் தாம்சனும் பேச்சிழப்பு உள்ளவர்களிடமே சோதித்தார்கள். பறவைகளில் சிட்டுக்குருவியை விட்டுப் பென்குயினில் தொடங்குவது போல. அதே போக்குதான் தெரிந்தது.

ஆய்தம்: எத்தனை பேரிடம்?

தறி: நான்கு.

ஆய்தம்: நான்கு! சரி, வலைக்கு 40, மனிதருக்கு 4. இருந்தாலும் இந்த யோசனை எனக்குத் தானாக வந்திருக்காது, அதை மறுக்கவில்லை. பென்குயின் அட்டையை எடுத்துப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: கடினமான சொல்லில் நான்கு முறை தோற்றவர் ஐந்தாம் முறை அட்டையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது உங்கள் வலையில் எங்கே இருக்கிறது?

தறி: இல்லை. அது ஆயிரம் முறை தோற்றாலும் உட்கார்ந்திருக்கும்.