2013 அக்குவாவை இப்போது வாங்குவதா, புதிய மாதிரி கைக்கு எட்டும்வரை பொறுப்பதா?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். இதற்காக 2013 ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா ஒன்றைப் பார்த்தேன். பெற்றோல் எஞ்சினோடு பற்றரியில் ஓடும் மோட்டரும் உள்ள ஹைபிரிட் கார் அது. உடம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது பற்றரி அளவுகாட்டி நிரம்பிய நிலையிலிருந்து சில நிமிடங்களில் இரண்டு கோடுகளுக்கு இறங்கி, அதே வேகத்தில் மீண்டும் ஏறியது; பின் இருக்கைப் பக்கமாக விசிறி ஓயாமல் இரைந்தது. வெயிலுக்கு எல்லா ஹைபிரிட்டும் அப்படித்தான் என்கிறார் விற்பவர். வாகன இறக்குமதி திறந்துவிட்டபடியால் ஓராண்டு பொறுத்தால் புதிய மாதிரிகளே இரண்டாம் கையாகக் கிடைக்கும் என்கிறார் மைத்துனர். எவர் சொல்வதைக் கேட்பது?

பதில் (வவுனியா, கராஜ் வைத்திருப்பவர்)

தம்பி, வெயிலுக்கு விசிறி இரைவது வழக்கம். அளவுகாட்டி அப்படி ஏறி இறங்குவது வழக்கமில்லை. அந்த அக்குவாவின் நிக்கல் பற்றரியில் 7.2 வோல்ட் கொண்ட 20 பகுதிகள் தொடராக இணைந்து 144 வோல்ட் தருகின்றன. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு. ஒரு செல் செத்தால் அந்தப் பகுதி மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்து காட்டும். கொள்ளளவு குறைந்த அந்தப் பகுதி முதலில் நிரம்பி முதலில் வற்றுவதால் முழுப் பற்றரியுமே அதன் தாளத்துக்கு ஆடும்.

முதலில் பின் இருக்கைக்குக் கீழுள்ள காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். அதன் வடிகட்டியில் தூசியும் மயிரும் அடைத்திருந்தால் பற்றரி சூடாகும். அதைத் துப்புரவாக்க அரை மணிநேரம் போதும். அதன் பின்னரும் அளவுகாட்டி துள்ளினால், வண்டியை ஏற்றம் இறக்கத்தில் ஓட்டிக்கொண்டே, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரில் பகுதிவாரியாக வோல்ட் பாருங்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் நோயுள்ள பகுதியும் நல்ல பகுதிபோல நடிக்கும். இன்னொன்று: பழுதான பகுதியை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களின் பேச்சுக்கு மயங்கவேண்டாம். மிச்சமுள்ளவையும் அதே வயதுக்காரர்கள்தாம். சில மாதங்களில் அடுத்தது படுக்கும். முழுப் பற்றரியின் விலையை விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பதில் (கொழும்பு)

நான் பொறுக்கச் சொல்வேன். 2021 ஜூலையில் யப்பானில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை அக்குவாவில் இருமுனை நிக்கல் பற்றரி இருக்கிறது. பழையதைவிட ஏறத்தாழ இருமடங்கு வலு தரும். அதை வாங்க முடியாவிட்டால் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் பழையதொன்றைப் பார்க்கலாமே.

பதில் (வவுனியா, கராஜ் வைத்திருப்பவர்)

ஃபிட் ஹைபிரிட்டில் 2013 இல் வந்த தலைமுறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதிலுள்ள இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி, ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறி எச்சரிக்கை காட்டும். விற்பனைக்கு வந்து ஓராண்டுக்குள்ளேயே ஹொண்டா அதைப் பல தடவை திருப்பி அழைத்தது.

பதில் (யாழ்ப்பாணம்)

மைத்துனரின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் வந்திருக்கவேண்டிய கார்கள் நாட்டுக்கு வரவேயில்லை. ஆகவே நமது இரண்டாம் கைச் சந்தையில் பழையவை இருக்கின்றன, வரிகளோடு வந்திறங்கிய மிகப் புதியவை இருக்கின்றன, நடுவில் வெறுமை. இப்போது இறக்கியவர்கள் அவ்வளவு பணம் கொட்டி வாங்கியதை ஓராண்டில் குறைந்த விலைக்கு விடப்போவதில்லை. பொறுப்பதென்றால் நாலைந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பஸ்ஸில் போவீர்களா?

ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு ஹைபிரிட் அவசியமா என்பதையும் யோசியுங்கள். பிரேக் பிடித்தோ காலை எடுத்தோ வேகம் குறைக்கும்போதுதான் அது மின்சாரத்தை மீட்கிறது; ஏ9 இன் நேரான வெளியில் பிரேக்குக்கு என்ன வேலை? அக்குவா லீற்றருக்கு 20 கிலோமீற்றரும் சாதாரண பெற்றோல் காரான ரொயோட்டா விற்ஸ் 15 கிலோமீற்றரும் ஓடும் என்று வைத்தால், நாளொன்றுக்கு உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு லீற்றர் சொச்சம். வேலைநாட்களுக்கு அது நல்ல தொகைதான். ஒரு பற்றரி மாற்றினால் அதில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. வடிகட்டியைத் துப்புரவாக்கி, ஓடிக்கொண்டே ஸ்கேன் செய்தோம். இரண்டு பகுதிகள் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே நிற்கின்றன. பற்றரி விலையைக் கழிக்க விற்பவர் சம்மதிக்கவில்லை, ஆகவே விட்டுவிட்டேன். இப்போது 2017 அக்குவா ஒன்று பார்வையில் இருக்கிறது. யப்பானில் ஏலம்விட்டபோது வண்டியின் நிலையைக் குறித்த ஏலத்தாளைக் காட்டுகிறார்கள். அதை நம்பலாமா அண்ணா?

பதில் (வவுனியா, கராஜ் வைத்திருப்பவர்)

ஏலத்தாள் இங்கு இறங்குமுன் இருந்த நிலையைத்தான் சொல்லும். அதிலுள்ள அடிச்சட்ட இலக்கம் வண்டியிலும் பதிவுப் புத்தகத்திலும் ஒன்றாக இருக்கிறதா, தாளிலுள்ள ஓட்டக் கணக்கைவிட இன்றைய மீற்றர் குறைந்து நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு நண்பகலில் வண்டியை நிறுத்தி, ஏசியை உச்சத்தில் விட்டு உள்ளே இருங்கள். ஏசியின் கம்பிரசரே பற்றரியில்தான் ஓடுகிறது. எஞ்சின் அடிக்கடி எழும்பி எழும்பிப் படுத்தால் அந்த வண்டியையும் ஸ்கேன் செய்யாமல் முற்பணம் கொடுக்கவேண்டாம்.