கண்காட்சிக்கு அப்பத்தாவை அழைத்துச் செல்ல உதவி தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடொன்றில் நடைபெறும் வரலாற்று ஒளிப்படக் கண்காட்சிக்கு, 1942இல் போருக்கு அஞ்சிப் பர்மாவிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்ட எங்கள் அப்பத்தாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1855இல் பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் போய்ப் பர்மாவையும், 1858இல் மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்த லின்னேயஸ் டிரைப்பின் படங்களும் அங்கே உள்ளனவாம். அப்பத்தா பிறந்த நாட்டையும் வளர்ந்த சீமையையும் ஒருவரே படமெடுத்திருக்கிறார் என்பதால், அவற்றை அவர் அவசியம் பார்க்க வேண்டும்.

முகப்புப் படிகளைத் தாண்டிச் சக்கர நாற்காலி செல்லுமா, படங்கள் வளவிலா (உள்முற்றத்திலா) மாடியிலா என்பதைப் பார்த்து வந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். எங்கள் ரங்கூன் படமொன்றின் பின்புறம் பர்மிய எழுத்தில் ஒரு குறிப்பு உள்ளது. அதை வாசிக்கத் தெரிந்தவர் எவரேனும் அங்கு வர இயலுமாயின் மிக்க நன்றியுடையேன்.