வயசைக் கேட்டால் 40, 45, 50: பிள்ளைகளே திரட்டும் தரவில் புள்ளியியல்

பத்தாம் வகுப்புக்குச் செலவில்லாத ஆய்வு வேண்டுமென்றால் வயதுக் கணக்கை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் 23 முதல் 62 வயதுக்குள் இருக்கும் மூன்று பேரிடம் வயதை மட்டும் கேட்டு வரட்டும். பெயர் வேண்டாம். 40 பேர் வகுப்பு என்றால் 120 வயது கிடைக்கும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே கடைக்காரரைக் கேட்டுவிடுவார்கள், முதலிலேயே வீடு பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

கரும்பலகையில் 0 முதல் 9 வரை பத்துக் கட்டம் போட்டு, வயதின் கடைசி இலக்கத்தை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். சரிசமமாக விழுந்தால் கட்டத்துக்கு 12. பெரும்பாலும் விழாது, 0, 5 இரண்டும் ஓங்கி நிற்கும், பக்கத்திலிருக்கும் 9, 1 இளைத்துக் கிடக்கும். 0, 5-இல் முடிபவர்களைக் கூட்டி, 5-ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் விப்பிள் குறியீடு. 120-இல் 42 பேர் என்றால் 175. குவியலே இல்லாவிட்டால் 100, எல்லோருமே 0, 5 சொன்னால் 500. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது விவரத்தைச் சோதிப்பதும் இதே குறியீட்டால்தான்.

---

சார், இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 0, 5 இரண்டும் சேர்ந்து 24 வர வேண்டிய இடத்தில் 28 வந்ததுமே பிள்ளைகள் "எல்லாரும் பொய் சொல்றாங்க" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு எழுதிக் குலுக்கி, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு, 120 முறை எடுக்கச் சொல்லுங்கள். குழுவுக்குக் குழு 20, 27, 31 என்று மாறும். அதைப் பார்த்த பிறகுதான் 28 சாதாரணம், 42 சாதாரணமில்லை என்பது உறைக்கும்.

நிகழ்வுச் செவ்வகம் வரையும்போது 20–30, 30–40 என்று பிரிக்காதீர்கள். 29-ஐ 30 என்று சொன்னவர் அடுத்த பிரிவுக்குத் தாவிவிடுவார். 23–27, 28–32 என்று போனால் குவியும் எண் நடுவில் உட்காரும், 62 வரை சரியாக எட்டுப் பிரிவு.

சரிபார்க்க ஆதாரைக் கேட்கச் சொல்லாதீர்கள். அது முறையுமில்லை, ஜனவரி 1 என்று பிறந்த தேதி போட்ட அட்டைகளும் நிறைய. "எம்.ஜி.ஆர். இறந்தப்போ எந்த வகுப்பு படிச்சீங்க?" என்று கேட்டால் 1987-லிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சின்னவர்களுக்கு 2004 சுனாமி.

---

சராசரிக்கும் இடைநிலைக்கும் வித்தியாசம் காட்ட வயது உதவாது. கரண்டு அட்டைதான் சரி. ரூபாய் கேட்காதீர்கள்: 100 யூனிட் இலவசம் என்பதால் பல வீட்டில் பூஜ்யம் வரும். யூனிட்டை எழுதி மடித்த சீட்டாகப் பெட்டியில் போடட்டும். யார் வீட்டில் ஏசி என்பது வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. 90, 110, 120, 130, 140, 150, 160, 180, 910 என்று ஒன்பது வீடு வந்தால் சராசரி 221, இடைநிலை 140. எட்டு வீடு சராசரிக்குக் கீழே!

910-ஐ உடனே அடித்துவிடக் கூடாது. வீட்டிலேயே மாவு மில் இருக்கலாம், பூட்டிக் கிடந்த வீட்டுக்கு விட்டுப்போன ரீடிங் சேர்ந்து ஏறியிருக்கலாம், 91-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் விழுந்திருக்கலாம். மூன்றாவது என்றால் மட்டும் திருத்தம், அதுவும் சீட்டு எழுதியவர் தானாக வந்து சொன்னால்.

---

ஹைடெக் லேபில் திட்டவிலக்கம் போடுகிறவர்கள் கவனிக்க: புத்தகச் சூத்திரம் n-ஆல், அதாவது மொத்த எண்ணிக்கையால், வகுக்கிறது, எக்செலில் வெறும் எஸ்டிடெவ் என்று போட்டால் n−1. 2, 4, 4, 4, 5, 5, 7, 9-க்குக் கையால் 2 வரும், கணினியில் 2.14. கடைசியில் 'பி' சேர்ந்த எஸ்டிடெவ்பி-யைப் போடுங்கள்.